எல்லை தாண்டும் பழைய காருக்கு எத்தனை முறை வரி?



1993 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் ஒற்றைச் சந்தையானது; உறுப்பு நாடுகளுக்கிடையே சரக்குகளுக்கான எல்லைச் சோதனை ஒழிந்தது. லிஸ்பனில் வசிப்பவர் ஜெர்மனியில் சோபா வாங்கி வந்தால் ஏனென்று கேட்பாரில்லை. கார் வாங்கி வந்தால் வரி அலுவலகம் வழிமறிக்கிறது.

வாட் வரியில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆறு மாதத்துக்கு மேல் ஆகாத, அல்லது 6,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடாத கார் புதியது. அதற்கு வாங்குபவரின் நாட்டில் வாட் கட்ட வேண்டும். பழைய காருக்கு விற்பவரின் நாட்டோடு கணக்கு முடிந்துவிடும். அநியாயம் நடப்பது, காரை ஒரு நாட்டில் முதன்முறை பதிவுசெய்யும்போது கட்டும் பதிவு வரியில். அதற்குப் பொது விதி கிடையாது. ஜெர்மனியில் அந்த வரியே இல்லை. டென்மார்க்கில் உச்ச விகிதம் 150 சதவீதம்.

வேறு உறுப்பு நாட்டுப் பொருளுக்கு உள்நாட்டுப் பொருளைவிடக் கூடுதல் வரி கூடாது என்கிறது ஒன்றியச் செயல்பாட்டு ஒப்பந்தத்தின் 110-ஆம் பிரிவு. ஆனால் போர்ச்சுகலைப் பாருங்கள். வெளியிலிருந்து வரும் பழைய காருக்கு அதன் உண்மையான தேய்மானத்தைக் கழித்தே வரி போட வேண்டும் என்று லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 1995-லும் 2001-லும் விளக்கியது. அதன்பிறகும் ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட காருக்கு 52 சதவீதத்துக்கு மேல் தேய்மானம் தர மறுத்தார்கள். 2016-ல் தீர்ப்பு அரசுக்கு எதிராக வந்தது. அடுத்து, வரியில் கரிம உமிழ்வை வைத்துக் கணக்கிடும் பகுதிக்குத் தேய்மானமே இல்லை என்றார்கள். 2021-ல் அதுவும் செல்லாது என்றாயிற்று. இத்தனை ஆண்டும் கூடுதலாகக் கட்டியவர்கள் சாதாரணச் சம்பளக்காரர்கள். புதுக் கார் வாங்க வசதியில்லாமல்தான் அவர்கள் எல்லை தாண்டிப் பழைய காரைத் தேடினார்கள்.

ருமேனியாவின் கதை இன்னும் மோசம். ஒருவர் 1997-ல் தயாரான காரை ஜெர்மனியில் வாங்கி 2008-ல் பதிவுசெய்யப் போனார். மாசு வரி என்று 7,595 லேய் வாங்கினார்கள். அதே வயதுடைய, அதே அளவு புகை கக்கும் கார் ருமேனியாவுக்குள்ளேயே கைமாறியபோது அந்த வரி இல்லை. சூழலைக் காப்பதுதான் நோக்கமென்றால் அந்தக் காரை ஏன் விட்டார்கள்? 2011-ல் ஒன்றிய நீதிமன்றம் இந்த வரியைக் கண்டித்தது. வசூலித்த பணத்தை, கட்டிய நாளிலிருந்து வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று 2013-ல் இன்னொரு வழக்கில் சொன்னது.

பதிவு வரியைப் படிப்படியாக ஒழிக்கவும், கார் நாட்டை விட்டுப் போகும்போது மிச்ச வரியைத் திருப்பித் தரவும் ஐரோப்பிய ஆணையம் 2005-ல் ஒரு வரைவு கொண்டுவந்தது. வரி விஷயத்தில் எல்லா நாடுகளும் ஒருமனதாக ஒப்ப வேண்டும். ஒப்பவில்லை, வரைவு சட்டமாகவில்லை. ஆணையம் அந்த இரண்டாவது பகுதியையாவது தனியாக எடுத்து மீண்டும் முன்வைக்க வேண்டும். வழக்கில் தோற்ற அரசுகள், ஒவ்வொருவரும் மனுப்போட்டு அலையக் காத்திராமல், தங்கள் பதிவேட்டைப் பார்த்தே கூடுதல் தொகையைத் திருப்பித் தர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்