அடியாத மாடு... மாட்டுக்காரரைக் கேட்டீங்களா?

"கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்!"

ஒண்ணாம் வகுப்புல சேர்க்க வர்ற அப்பாக்கள் இன்னைக்கும் வாத்தியார்கிட்ட பெருமையா சொல்ற வசனம். ஏன்னு கேட்டா, 'அடியாத மாடு படியாது'ம்பாங்க.

எனக்கு அந்தப் பழமொழி மேலயே சந்தேகம். தியாகதுருகத்தைச் சுத்தி ஏர் பிடிச்ச பெரியவங்க யாரையாவது கேளுங்க. புதுக்காளையை எப்படிப் பழக்குவாங்க? பழகின மாட்டோட ஜோடி சேர்த்து நுகத்தடியில பூட்டி, முதல்ல லேசான சுமையா இழுக்க விடுவாங்க. பக்கத்து மாடு நடக்கறதைப் பார்த்து அதுவும் நடக்கும். சாட்டைக்குச்சி இல்லாம இல்லைங்க. ஆனா அது வேகத்துக்கு. மாட்டுக்குக் கிடைச்ச ஜோடிகூட நம்ம பிள்ளைக்குக் கிடைக்கல, குச்சி மட்டும்தான்!

தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டுல பத்து நிமிஷம் நின்னா போதும். ஒரு மூணு வயசு வாண்டு முறுக்கு பாக்கெட் கேட்டு அழும். அம்மா 'கிடையாது'ம்பாங்க. அப்புறம் 'போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துடுவேன்'. அப்புறம் முதுகுல ஒண்ணு. ஊரே திரும்பிப் பார்த்ததும் முறுக்கு கைக்கு வந்துடும். பிள்ளை என்ன கத்துக்கிச்சு? பத்து தடவை கத்தினா முறுக்கு. அடி, அதுக்கு இடையில வர்ற சின்ன செலவு.

பஸ் ஏற வர்றதுக்கு முன்னாடியே 'இன்னைக்கு ஒண்ணும் வாங்கப் போறதில்ல'ன்னு சொல்லுங்க. அழுதா அழட்டும், பக்கத்துல நில்லுங்க, முடிவை மட்டும் மாத்தாதீங்க. முதல் நாலு நாள் கஷ்டம்தான். 'சேட்டை பண்ணாதே'ன்னா அதுக்குப் புரியாது, 'செருப்பை மாட்டிக்கிட்டு வா'ன்னா புரியும். தண்ணியைக் கொட்டிடுச்சா? கையில ஒரு துணியைக் குடுங்க. தம்பிக்குப் பொம்மையைக் குடுத்தா, 'சமத்து'ன்னு பொதுவா சொல்லாம, 'நீயே தம்பிக்குக் குடுத்தியே'ன்னு செஞ்சதைச் சொல்லுங்க. பைசா செலவில்லை. பொறுமைதான் செலவு, அதான் யாரும் செய்யறதில்ல.

2016ல கெர்ஷாஃப், க்ரோகன்-கெய்லர்ங்கற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், ஒண்ணரை லட்சத்துக்கும் மேல குழந்தைகளைப் பத்தின 75 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. அடி வாங்கற பிள்ளைகள்கிட்ட முரட்டுத்தனம் கூடுதலா இருந்துச்சு. 'முரட்டுப் பிள்ளைங்கறதாலதானே அடிக்கிறோம்'னு கேக்கலாம். நியாயமான கேள்வி. ஆனா அடிச்சதால படிஞ்சதுங்கற அடையாளம் எங்கேங்க?

சட்டம் இன்னும் வேடிக்கை. தமிழ்நாட்டுப் பள்ளிகள்ல 2003லேயே பிரம்புக்குத் தடை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 17ஆம் பிரிவு உடல் தண்டனையோட மனசை நோகடிக்கறதையும் தடுக்குது. அதே பிள்ளை வீட்டுக்கு வந்ததும்? பாரதிய நியாய சன்ஹிதா 27ஆம் பிரிவுப்படி, 12 வயசுக்குள்ள இருக்குற பிள்ளையோட நன்மைக்காகன்னு நல்லெண்ணத்துல காப்பாளர் செய்யறது குற்றமாகாது (கொடுங்காயம் வேற கதை). ஸ்வீடன் 1979லேயே வீட்டு அடியையும் தடை பண்ணிடுச்சு. அது பணக்கார நாடும்பீங்க. பக்கத்து நேபாளமும் 2018ல பண்ணிடுச்சே!

கடைசி அஸ்திரம் ஒண்ணு வரும்: "நாங்கல்லாம் அடி வாங்கித்தானே உருப்பட்டோம்?" சரி சித்தப்பா, அதே வகுப்புல, அதே பிரம்புல அடி வாங்கி, எட்டாவதோட பையைத் தூக்கிப் போட்டுட்டுப் போனாங்களே உங்க கூட்டாளிங்க... அவங்களை யாராவது கேட்டீங்களா?