முழுசா பார்த்தீங்களா ஸார்?

நான் ஒரு படத்தை முழுசாகப் பார்த்து வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. ஆனால் அபிப்பிராயம் சொல்வதை ஒரு நாள்கூட நிறுத்தியதில்லை.

"என்னய்யா அக்கிரமம் இது?" என்கிறவர்கள் கொஞ்சம் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். போன வாரம் டீக்கடையில் நீங்கள் கிழிகிழி என்று கிழித்த படத்தில் எத்தனை நிமிஷம் பார்த்தீர்கள்? நடுவில் செல்போனை எத்தனை தடவை எடுத்தீர்கள்? ஹீரோயின் செத்துப்போனது உங்களுக்கு எப்போது தெரிந்தது? (பக்கத்தில் இருந்தவர் சொல்லித்தானே!)

நான் பி.காம். படித்தவன். பத்திரிகைக்கு எழுதாத நேரத்தில் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். ஆடிட்டர் எவரும் எல்லா வவுச்சரையும் புரட்டுவதில்லை. அங்கே பத்து, இங்கே பத்து என்று உருவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார். நான் படம் பார்ப்பதும் அதே சாம்பிள் ஆடிட் முறையில்தான். முதல் பதினைந்து நிமிஷம் ஓப்பனிங் பேலன்ஸ். கடைசிப் பதினைந்து நிமிஷம் க்ளோஸிங் பேலன்ஸ். நடுவில் வரவு செலவு எப்படியோ நடந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

'மகாராஜா'வில் (2024) தான் வசமாக மாட்டினேன். அதில் இன்றைக்கு நடப்பதையும் பல வருஷம் முன்னால் நடந்ததையும் கலந்து கட்டி, எது முன்னே எது பின்னே என்பதைக் கடைசியில்தான் பிரித்துக் காட்டுகிறார் டைரக்டர் நித்திலன். ஓப்பனிங் பேலன்ஸே க்ளோஸிங்கில்தான் வருகிறது! "ஒரு குப்பைத்தொட்டிக்காக விஜய் சேதுபதி இவ்வளவு அலையணுமா?" என்று ஆபீஸில் கேட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை... வேண்டாம், விடுங்கள்.

சீரியலில் இந்த ஆபத்தே கிடையாது. எங்கள் அம்மா 'மெட்டி ஒலி' காலத்திலிருந்து (2002 முதல் 2005 வரை, 811 எபிசோட்) அடுப்படியில் நின்றபடியே சீரியல் பார்ப்பவர். பார்ப்பவர் என்பது தப்பு, கேட்பவர். ஊன்றிக் கவனித்தால் தெரியும், சீரியல் எழுதுகிறவர்கள் கண்ணுக்கு எழுதுவதில்லை, காதுக்கு எழுதுகிறார்கள். "உன் நாத்தனார் கல்யாணத்துக்கு வாங்கின கடனை உன் புருஷன் இன்னும் கட்டலையே" என்று ஒருத்தி சொல்கிறாள். எதிரில் நிற்பவளுக்கு அது தெரியாதா என்ன? நாத்தனாரும் அவளுடைய நாத்தனார், புருஷனும் அவளுடைய புருஷன்! வசனம் அவளுக்கு இல்லை, ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருக்கும் என் அம்மாவுக்கு. அதிர்ச்சிச் செய்தி வந்தால் ஐந்து பேர் முகத்தையும் தனித்தனியாக, டமால் டமால் என்ற சத்தத்தோடு காட்டுவதும் அதற்குத்தான். முதல் டமாலில் கரண்டியைக் கீழே வைத்தால் நாலாவது முகத்துக்குள் ஹாலுக்கு வந்துவிடலாம். மூன்று வாரம் ஊருக்குப் போய்வந்தாலும் கதை விட்ட இடத்திலேயே காத்திருக்கும். எல்லாம் கேரி ஃபார்வர்டு. சீரியல்காரர்களை நாம் எவ்வளவோ கிண்டல் செய்கிறோம். ஆனால், பார்க்கிறவளுக்கு வீட்டில் வேலை இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு கதை சொன்னவர்கள் அவர்கள்தான்.

வெப் சீரிஸ்காரர்களுக்கு அந்த இரக்கம் கிடையாது. 'சுழல்' (2022) முதல் எபிசோடில் சிமெண்ட் ஃபாக்டரி எரிகிற வரைக்கும் விழித்திருந்தேன். கண் திறந்தபோது அடுத்தடுத்த எபிசோட்கள் தானாகவே ஓடிக்கொண்டிருந்தன. ஊரே மயானக் கொள்ளைத் திருவிழாவில் வேஷம் கட்டி ஆடிக்கொண்டிருந்தது. யார் போலீஸ், யார் சாமி என்று பிடிபடவே இல்லை.

சரி, நான் சொல்ல வந்தது இதெல்லாம் இல்லை.

2024 செப்டம்பரில் 'மெய்யழகன்' வந்தது. '96' எடுத்த பிரேம்குமாரின் படம். ஓ.டி.டி.க்கு வந்ததும் பஸ்ஸில் போகும்போது போனில் நாற்பது நிமிஷம் பார்த்தேன். தஞ்சாவூர் வீட்டை இழந்து மெட்ராஸ் போன ஒருத்தர் (அரவிந்த் சாமி), இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு ஊர்ப் பக்கம் வருகிறார். அங்கே ஒரு ஆள் (கார்த்தி) "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறார். யாரென்றே இவருக்கு ஞாபகம் வரவில்லை. "ராத்திரி பூரா ரெண்டு பேர் பேசிக்கிட்டிருக்கிறதுக்கு ஒரு படமா? இழுவை" என்று டீக்கடையில் தீர்ப்பு எழுதிவிட்டேன். தியேட்டரில் ஓடும்போதே சுமார் 18 நிமிஷத்தை வெட்டினார்கள், ஞாபகம் இருக்கிறதா? நம்ம மாதிரி ஆட்கள் கொடுத்த குரல்தான் என்று பெருமை வேறு.

அந்த வாரம் அப்பா கேட்டார். "தஞ்சாவூர்ப் பக்கம் எடுத்த படம் ஒண்ணு வந்திருக்காமே, எப்படிடா இருக்கு?"

"வேண்டாம்ப்பா. ஒரே பேச்சு. உங்களுக்குத் தூக்கம் வந்துடும்."

"அப்படியா" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

எங்களுக்கும் கும்பகோணம் பக்கத்தில் ஒரு வீடு இருந்தது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் 2001-ல் கைவிட்டுப் போயிற்று. எனக்கு அப்போது ஒன்பது வயசு. அப்பா கேட்டபோது அது என் ஞாபகத்துக்கே வரவில்லை.

போன மாதம் ஒரு ராத்திரி ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். ஹாலில் டி.வி. வெளிச்சம். சத்தம் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குக் குறைச்சல். அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு டி.வி.க்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார். வீட்டைக் காலி செய்து போவதற்கு முன்னால், பிரிய மனசில்லாமல் அந்தப் பையன் சுற்றிவருகிற இடம் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் நான் பார்த்த இடம்தான். கண்டக்டர் சில்லறை கேட்டாரோ என்னவோ, அன்றைக்கு மனசில் ஒட்டவில்லை.

"தூங்கலையாப்பா?"

"இந்த இடத்தை மட்டும் மூணாவது தடவை பார்க்கிறேன். பின்னாடி ஓட்டுற பட்டன் எதுன்னு இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். போன் படுக்கையில் கிடந்தது. எடுத்துவரப் போனால் அவர் படத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். போகவில்லை. முழுசாகப் பார்த்தேன், ஸார்!

அப்பா அழுதாரா என்று கேட்காதீர்கள். அவர் அழுகிற ரகம் இல்லை, குறை சொல்கிற ரகம். "நம்ம வீட்டுத் தூண் இதைவிடப் பருமன்" என்றார். "கல்யாண வீட்ல இப்படியா பந்தி விசாரிக்கிறது?" என்றார். அரவிந்த் சாமி வீட்டில் விட்டுப்போன பழைய சைக்கிளால் தன் குடும்பமே தலையெடுத்த கதையைக் கார்த்தி சொல்கிற இடம் வந்தது. அப்பா படத்தை நிறுத்தினார்.

"நம்ம சைக்கிள் என்னாச்சுன்னு உனக்குத் தெரியுமாடா?"

சைக்கிள் இருந்ததே எனக்குத் தெரியாது.

"பச்சைக் கலர். லாரியில ஏத்த இடமில்ல. வேலியோரம் ஒரு பையன் நின்னு பார்த்துக்கிட்டிருந்தான். நம்ம வயல்ல வேலை பார்த்தவர் மகன். எடுத்துக்கடான்னு கொடுத்துட்டேன். லாரி பின்னாடியே மதகு வரைக்கும் மிதிச்சுக்கிட்டு வந்தான். கால் சரியா எட்டலை அவனுக்கு. அவன் பேரு... பேரு..."

வரவில்லை. மீதிப் படம் பூராவும் அவர் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. முடியும்போது மணி நாலு.

மறுநாள் டீக்கடையில் ஒரு புதுப் படத்தைப் பற்றிக் கேட்டார்கள். "இன்னும் பார்க்கலை" என்றேன். டீ மாஸ்டரே திரும்பிப் பார்த்தார்.

அப்பா இன்னும் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறார். 'அ'வில் ஆரம்பித்தார். காலைக் காபியோடு கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. அன்பழகனும் இல்லை, அறிவழகனும் இல்லை. 'க'வில் கலியபெருமாள் வந்தபோது துள்ளிக் குதித்தார். அப்புறம் பார்த்தால், அது அந்தப் பையனுடைய அப்பா பேராம். இன்று காலை 'த'வில் இருக்கிறார்.