மார்க் குறைந்தால் கதவு சாத்தியா?

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகும் சாலையில் இருக்கிறது வரிச்சிக்குடி. அந்த ஊர்ப் பையன் ஒருவன் எம்.ஏ. சர்வதேச உறவுகள் படிக்க ஆசைப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். பி.ஏ.வில் இரண்டு அரியர் விழுந்தது. மறுபடி எழுதித் தேறிவிட்டான். கையில் இருப்பது 56 சதவீதம்.

“இந்த மார்க்குக்கு டெல்லி ஒரு கேடா?” என்கிறார் பெரியப்பா. “பணத்தைக் கட்டுங்க, வெளிநாட்டுலயே சீட் வாங்கித் தர்றேன்” என்கிறார் தரகர். அப்பா நிலப் பத்திரத்தைத் தேடுகிறார்.

பெரியப்பா சொல்வதும் தப்பு. தரகர் சொல்வதும் தப்பு!

சர்வதேச உறவுகள் படிப்புக்குப் பேர்போன இடம் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம். 1955-ல் தனி நிறுவனமாகத் தொடங்கிய பள்ளி, 1970-ல் அதோடு இணைந்தது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு உண்டு. இரண்டுக்குமே வழி, மத்தியப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வுதான். டெல்லி 2022-ல் இந்த முறைக்கு வந்தது.

பட்டப்படிப்பில் கேட்கிற குறைந்தபட்ச மார்க் இருக்கிறதா என்று அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தால், 56 வாங்கியவருக்கும் 86 வாங்கியவருக்கும் ஒரே வினாத்தாள்தான். சரியான விடைக்கு 4 மார்க். தப்பான விடைக்கு 1 கழியும். பழைய மார்க்கை நினைத்து அழுவதை விட்டு, இந்தத் தேர்வுக்கு ஆறு மாதம் உட்கார்ந்து படிப்பதே புத்திசாலித்தனம்.

வெளியுறவுப் பணிக்கு ஆள் எடுக்கும் சிவில் சர்வீஸ் தேர்விலும் பட்டம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். எத்தனை சதவீதம் என்று கேட்பதில்லை!

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கிக் கடிதம் கேட்பார்கள். மார்க் குறைந்ததை அங்கே மறைக்கக் கூடாது. மூன்று பக்கம் ஒப்பாரியும் வைக்கக் கூடாது. நடந்ததை இரண்டே வரியில் சொல்லிவிட்டு, கையில் உள்ள சரக்கைக் காட்ட வேண்டும்.

கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை ராமானுஜன் செய்ததும் அதுதான். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கோட்டை விட்டு, எப்.ஏ. தேறாமல் போனவர் அவர். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. 1913-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், பல்கலைக்கழகப் படிப்பு தனக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார். கூடவே தன் கணக்குகளையும் வைத்தார். ராமானுஜன் மூளை எல்லோருக்கும் வராது. அந்த நேர்மை யாருக்கும் வரும்.

வரிச்சிக்குடிப் பையனிடம் என்ன சரக்கு இருக்கிறது? ஏராளம்! அவன் பிறந்த மண்ணே சர்வதேச உறவுப் பாடம். 1954 நவம்பர் 1-ல் காரைக்காலின் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்கு வந்தது. 1956-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அது அமலுக்கு வர 1962 ஆனது. ஒரே குடும்பத்தில் அண்ணன் பிரெஞ்சுப் பிரஜை, தம்பி இந்தியப் பிரஜை என்ற கதையெல்லாம் இங்கே சாதாரணம். 1974 கச்சத்தீவு ஒப்பந்தமும், இலங்கைக் கடற்படையிடம் சிக்கும் மீனவர் பாடும் கரையோரத்தில் தினசரிப் பேச்சு. இதை ஆராய்ந்து எழுதினால், படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

இதைச் சொல்லித்தர ஆள் இல்லாததால்தான் தரகர் காட்டில் மழை. காரைக்கால் அரசுக் கல்லூரிகளில் கடைசி வருஷ மாணவர்களுக்கு நுழைவுத் தேர்வுப் பயிற்சியும், விண்ணப்பம் எழுதும் பயிற்சியும் இலவசமாகக் கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். பெரிய செலவு இல்லை; மனசுதான் வேண்டும்.

கடைக்காரரைக் கேட்டால் தெரியும். பழைய பாக்கியை மறைக்கிறவனுக்கு அவர் சரக்கு தரமாட்டார். ஒத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறவனை நம்புவார். மார்க் பாக்கியும் அப்படித்தான்.

அப்பா பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டட்டும். பையன் புத்தகத்தைத் திறக்கட்டும்!