பத்துப் பைசா எங்கே போகிறது?

1948இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். இன்று ரூபாய்க்குப் பத்துப் பைசா. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிச் சேரிகளில் வரி ரசீது வைத்திருக்கிற அத்தனை பேரும் கட்டுகிறார்கள். குடக்கூலிக்கு இருப்பவன் வாடகையிலேயே கட்டிவிடுகிறான். வங்கியில் சில்லறை எண்ணுகிறவன் நான். இந்தப் பத்துப் பைசாவை லேசில் விடமாட்டேன்.

நம்ம காசில் செய்த அலமாரியில் நம்ம பிள்ளைகளின் முதல் புத்தகம் உண்டா? எங்கள் பக்கத்துக் கிளை நூலகத்தில் தேடினேன். ராஜாக்களின் குதிரைகள் பாகம் பாகமாக ஓடுகின்றன. அப்புறம் ஜோசியம், சமையல், தேர்வு கைடு. புதுசா எழுதுறவன் எங்கே சார் என்றால், "பேர் வரட்டும், புத்தகமும் வரும்" என்கிறார்கள்.

பேர் எங்கிருந்து வரும்? பாமாவின் 'கருக்கு' (1992), இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) இரண்டுமே முதல் புத்தகங்கள்தான். 'கருக்கு' 2000இல் இங்கிலீஷுக்குப் போய் கிராஸ்வேர்ட் விருது வாங்கியது. விருது வாங்கினவரை அடுக்கிவைக்கக் கடை போதும், நூலகம் எதுக்கு?

கடன் வாங்கி முந்நூறு பிரதி போடுகிறவனுக்கு நூலக ஆணையும் தெரியாது, ஆபீசரையும் தெரியாது. ஸ்டேப்ளர் அடித்த 48 பக்கக் கவிதைக்கு முதுகே கிடையாது, அலமாரியில் செருகினால் காணாமல் போகும். முன்வாசலில் அட்டை தெரிகிற மாதிரி முதல் நூல்களுக்கென்று ஒரு பலகை போடச் சொல்வோம்.

மாணவத் தோழர்களே, வாசகர் வட்டத்துக்குப் போங்கள். புத்தகப் பேரை எழுதிக் கொடுங்கள். போகும்போது வீட்டுவரி ரசீதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.