பீரோவுக்குள் தண்ணீர்

மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுக்களுக்கெல்லாம் 'உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது' என்ற ஒரே பதில்தான் வந்தது. அதனால் இதை ஊரறிய எழுதுகிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தாங்கள் அறியாததல்ல. அதை நான் படித்துக் காட்டப்போவதில்லை.

என் மகனுக்கு டவுன் சின்ட்ரோம். அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. இந்தப் பிள்ளைகளுக்குக் காதில் விழுவதைவிடக் கண்ணில் படுவதுதான் பெரும்பாலும் மனதில் நிற்கும். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியைக்கு அது தெரியும். அணில், ஆடு என்று அவர் தொடங்கவில்லை. தண்ணி, போதும், வலிக்குது, ஒண்ணுக்கு என்று தொடங்கினார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவன் தண்ணீர்ப் படம் போட்ட அட்டையை எடுத்து நீட்டியதும் "தண்ணி" என்று சொல்லி ஒரு மடக்கு கொடுப்பார். மறுபடி அட்டை, மறுபடி மடக்கு. ஒருநாள் அவனே "ண்ணி" என்றான்.

பிறகு பள்ளிக்கு ஆய்வு வந்தது. அட்டைகளைப் பரப்பி, நடுவில் அவனை உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள். மறுநாள் அட்டைகள் இருப்புப் பதிவேட்டில் ஏறி, பீரோவுக்குள் போய்விட்டன. தணிக்கையில் ஒன்று குறைந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்கிறார் தலைமையாசிரியர்.

இப்போது தாகமெடுத்தால் அவன் அந்தப் பீரோவைப் போய்த் தட்டுகிறான். தண்ணீர் அதற்குள்தானே இருக்கிறது! அதற்கு எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம்: 'தங்கள் மகன் பள்ளி உடைமையைச் சேதப்படுத்துகிறான். கண்டித்து அனுப்பவும்.' நகலை மனுவோடு இணைத்திருந்தேனே, பார்த்தீர்களா?

நிதி இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒப்பந்தச் சம்பளத்தில் இருக்கும் அந்த ஆசிரியை தன் கைக்காசில் லேமினேஷன் போட்ட அட்டைகள் அவை. 2024-25இல் தில்லி நிறுத்திவைத்த 2,152 கோடி ரூபாய்க் கல்வி நிதிக்கும் பீரோ சாவிக்கும் என்ன சம்பந்தம்? அந்த ஆசிரியையையும் இப்போது எமிஸ் தளத்தில் மாணவர் விவரம் ஏற்ற உட்கார வைத்துவிட்டார்கள். சிறப்புக் குழந்தைகள் எத்தனை பேர் என்ற கணக்கு தங்களுக்குத் துல்லியமாக வந்துவிடும். அவர்களுக்குப் பேசச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை.

சாவியை யாரிடம் கேட்பது என்றாவது எழுத்தில் தெரிவியுங்கள். அதுவும் முடியாதென்றால், பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு குடம் வைக்கும்படி சுற்றறிக்கை விடுங்கள். சுற்றறிக்கை விடுவதில் தங்கள் அலுவலகம் ஒருநாளும் தாமதித்ததில்லை.

இப்படிக்கு,
பள்ளி உடைமையைச் சேதப்படுத்துபவனின் அம்மா