பீரோவைத் திறந்து வையுங்கள்

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடவே மாட்டார்கள், செல்போனில் கொடுத்தால்தான் படிப்பார்கள்." பெற்றோர் கூட்டத்திலும் ஆசிரியர் அறையிலும் அலுக்காமல் சொல்லப்படும் பேச்சு இது. பிள்ளைகள் மீது சுமத்தப்படும் வீண்பழி.

நான் போய்ப் பார்த்த தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் கதைப் புத்தகங்கள் தலைமையாசிரியர் அறை பீரோவில் பூட்டிக் கிடந்தன. ஒரு புத்தகம் தொலைந்தாலும் இருப்புப் பதிவேட்டில் கணக்கு இடிக்கும், தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும். தலைமையாசிரியர்களின் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளையின் கைக்கு எட்டுவது அப்பாவின் செல்போன் ஒன்றுதான் என்றால், பிள்ளை அதை எடுப்பதை எப்படி 'விருப்பம்' என்பது?

ஒரு பள்ளியில் வகுப்பறைக்குள்ளேயே கயிறு கட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நாலைந்தைப் புரட்டிவிட்டு யானைக் கதையை எடுத்தாள். வரிக்கடியில் விரல் ஓடியது. 'ஒளிந்துகொண்டது' என்ற இடத்தில் திக்கினாள். இரண்டு பக்கம் பின்னால் போய்ப் படத்தைப் பார்த்தாள். திரும்பி வந்து, எழுத்துக்கூட்டி, சொல்லைப் பிடித்துவிட்டாள். தொட்டதும் குரல் படித்துக் காட்டும் செயலியில் அந்த உழைப்புக்கே வேலையில்லை.

ஒன்று முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளிடம் நடந்த 39 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் ஒரு கட்டுரை வந்தது. அச்சில் உள்ள கதையை அப்படியே திரைக்கு மாற்றினால் குழந்தைக்குப் புரிவது குறைகிறது என்கிறது அது. கதையோடு ஒட்டிய அசைவும் ஒலியும் சேர்த்துப் பக்குவமாகச் செய்த மின்னூல் அச்சையும் மிஞ்சும் என்றும் சொல்கிறது. ஆகவே திரையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில் பெரும்பாலும் அந்தப் பக்குவம் இல்லை என்கிறேன். வகுப்பறைகளை வெகுதூரம் மின்மயமாக்கிய சுவீடனே 2023இல் அச்சுப் பாடநூல்கள் வாங்கப் பணம் ஒதுக்கியது.

தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் 'நுழை, நட, ஓடு, பற' என்று படிநிலை பிரித்துச் சின்னச் சின்னப் புத்தகங்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. நல்ல வேலை. அவையும் பீரோவுக்குள் போய்விடக் கூடாது.

கல்வி அலுவலர்களே, கிழிந்த புத்தகத்துக்கும் தொலைந்த புத்தகத்துக்கும் ஆசிரியரிடம் விளக்கம் கேட்காதீர்கள். தலைமையாசிரியர்களே, நாளைக் காலை மணி அடிக்கும் முன் அந்தப் பீரோவைத் திறந்துவிடுங்கள். எதை எடுப்பது என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.