அரைப்பேர் என்று ஒரு பேர் கிடையாது



நமது தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்கு நாம் வைத்திருக்கும் சொல் "பேர்". வேலைக்குப் போனால் பேர் விழும், போகாவிட்டால் பேர் விழாது. "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று ஒருவர் கேட்டால் எத்தனை ஆட்கள் என்று நாம் நினைப்பதில்லை. எத்தனை நாள் சம்பளம் என்றுதான் விளங்கிக் கொள்கிறோம். கொழுந்து குறைந்த நாளில் செக்ரோலில் விழுவது "அரைப்பேர்".

இந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். காலையில் மலை ஏறியவள் மாலை வரை மழையிலும் அட்டைக் கடியிலும் நிற்கிறாள். பொழுது முழுதாகப் போயிருக்கிறது, உடம்பு முழுதாக நொந்திருக்கிறது. கொழுந்து குறைந்ததற்கு உரம் போடாதது காரணமாக இருக்கலாம். புல் வெட்டாதது, வெயில், கிழட்டுச் செடி ஆகியவையும் காரணமாக இருக்கலாம். ஆனால் மடுவத்தில் தராசுக்கு முன்னால் பாதியாக்கப்படுவது உரமும் அல்ல, புல்லும் அல்ல. அவளுடைய பேர்! பெற்றவர்கள் வைத்த பேரை இரண்டாக வெட்டும் அதிகாரம் ஒரு பென்சிலுக்கு எங்கிருந்து வந்தது?

"பாதிச் சம்பளம் தருகிறோம்" என்று துரை சொன்னால் ஏன் என்று நாம் உடனே கேட்போம். "இன்னைக்கு அரைப்பேர்" என்று சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு கூடையைத் தூக்குகிறோம். காசு இரண்டிலும் ஒன்றுதான். முதல் சொல்லில் குற்றம் கொடுப்பவன் பக்கம் இருக்கிறது. இரண்டாவது சொல்லில் குற்றம் நம் பக்கம் வந்து விழுகிறது, நாமே குறைந்துவிட்டது போல. இந்தக் கட்டுரை இதைப் பற்றியதுதான். எந்தச் சொல்லால் நம் வேலை எண்ணப்படுகிறதோ அந்தச் சொல்லே நம் சம்பளத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே சொல்லுக்கான போராட்டம் சம்பளப் போராட்டத்தின் ஒரு பகுதி.

"சொல்லை மாற்றினால் வயிறு நிறையுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சொல்லுக்கு ஒன்றும் சக்தியில்லை என்றால் முதலாளிமார் ஏன் அதில் இவ்வளவு கவனமாக இருக்கிறார்கள்?

2011ஆம் ஆண்டு அமெரிக்காவில் போல் திபோடோ, லேரா பொரொடிட்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு நகரத்தில் குற்றம் பெருகிவருவதைப் பற்றிய செய்தியைப் பலருக்கும் வாசிக்கக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் கொடுத்த புள்ளிவிபரம் ஒன்றே. ஒரு பகுதியினர் வாசித்த செய்தியில் குற்றம் ஊரை வேட்டையாடும் மிருகம் என்று இருந்தது. மற்றவர்களின் செய்தியில் குற்றம் ஊரைத் தொற்றும் கிருமி என்று இருந்தது. என்ன செய்யலாம் என்று கேட்டபோது மிருகம் என்று வாசித்தவர்களில் கூடுதலானோர் பிடி, அடை, பொலிசைக் கூட்டு என்றார்கள். கிருமி என்று வாசித்தவர்கள் காரணத்தைத் தேடு, வறுமையைப் போக்கு என்ற பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டால் பெரும்பாலானோர் காட்டியது புள்ளிவிபரத்தை. தங்களை இழுத்தது அந்த ஒற்றைச் சொல் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

இனி நமது பக்கம் திரும்புவோம். ஒவ்வொரு சம்பளப் பேச்சுவார்த்தையின் போதும் பத்திரிகைகளில் வரும் சொல் எது? "சம்பள உயர்வு தொழிலுக்குச் சுமை." அடுத்தது, "தேயிலைத் தொழில் நோயாளியாகப் படுத்திருக்கிறது, கசப்பு மருந்து குடித்தே ஆக வேண்டும்." சுமை என்று சொன்ன உடனேயே கேட்பவர் மனதில் ஒரு முடிவு வந்துவிடுகிறது. சுமையை இறக்கி வைப்பதுதானே நியாயம்? பங்களாப் பராமரிப்பு, வாகனம், முகாமைக் கட்டணம், வங்கி வட்டி இவற்றை எல்லாம் கம்பெனிக் கணக்கில் "செலவு" என்கிறார்கள். சம்பளத்தை மட்டும் "சுமை" என்கிறார்கள். செலவு என்றால் தொழில் நடக்கத் தேவையானது என்று அர்த்தம். சுமை என்றால் இல்லாவிட்டால் நல்லது என்று அர்த்தம். உண்மையான சுமை எது என்று முதுகில் கொழுந்துக் கூடை கட்டியவளைக் கேட்டால் தெரியும்.

நோயாளிக் கதையும் அப்படித்தான். படுத்திருப்பது கம்பெனி என்கிறார்கள். கசப்பு மருந்தைக் குடிப்பது யார்? ஒவ்வொரு முறையும் நாம்தான்! ஒருவருக்கு நோய், இன்னொருவருக்கு மருந்து என்ற வைத்தியம் உலகத்தில் வேறு எங்கும் உண்டா?

இன்னொரு சொல் "குடும்பம்". தோட்டம் ஒரு பெரிய குடும்பம், துரை தகப்பன் மாதிரி என்று விழாக்களில் பேசுவார்கள். குடும்பத்தில் பிள்ளை தகப்பனிடம் கணக்குக் கேட்பதில்லை, கேட்டால் மரியாதைக் குறைவு. அந்தச் சொல் நமக்குப் பூட்டும் விலங்கு அதுதான். தகப்பன் கொடுப்பது அன்பு, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். முதலாளி கொடுப்பது சம்பளம், அதற்குக் கணக்கு வேண்டும். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பெனிகளுக்குப் போனது. உடைமை இத்தனை முறை கைமாறியும் "துரை" என்ற சொல் மட்டும் பங்களாவை விட்டு இறங்கவே இல்லை.

சொல் எப்படிக் காசாகிறது என்பதற்கு 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். ஊரெல்லாம் 730 ரூபா என்று பேசப்பட்டது. ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 500. வரவுக் கொடுப்பனவு 60. உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140. விலைப் பங்குக் கொடுப்பனவு 30. இதில் "கொடுப்பனவு" என்ற சொல்லைக் கவனியுங்கள். வரவுக்கும் உற்பத்தித்திறனுக்கும் தந்த அந்த 200 ரூபாவைச் சம்பளம் என்று அழைத்திருந்தால் முதலாளி அதற்கும் 12 வீதம் சேமலாப நிதி கட்டியிருக்க வேண்டும், 3 வீதம் நம்பிக்கை நிதி கட்டியிருக்க வேண்டும். நாளுக்கு 30 ரூபா. மாதம் 20 நாள் வேலை என்றால் 600 ரூபா. ஒரு தொழிலாளிக்கு ஒரு மாதத்தில் 600 ரூபா, ஒரே ஒரு சொல்லால் போனது! ஓய்வு பெறும்போது வரும் பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. சொல்லை மாற்றினால் வயிறு நிறையுமா என்று கேட்டவர்களுக்கு இதுவே நமது பதில். சொல்லை மாற்றி வயிற்றைக் குறைக்க முடிந்திருக்கிறது.

2024இலும் அதே பாடம்தான் நடந்தது. பேச்சில் 1700 ரூபா. செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1350. மீதி 350 "ஊக்குவிப்பு" என்ற சொல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டது. நிபந்தனை இல்லாமல் கிடைப்பது சம்பளம். நிபந்தனையோடு வருவது தூண்டில் இரை.

சட்டத்தின் சொல்லும் நம்மை இப்படியே வெளியில் நிறுத்தியது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும் வரை, பிரதேச சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட முடியாத நிலை இருந்தது. காரணம், நாம் இருந்த இடத்தின் பேர் "தோட்டம்", "கிராமம்" அல்ல. நாம் வாக்களித்தோம், சபைக்கு நம் ஆட்களை அனுப்பினோம். ஆனால் நம் லயத்துப் பாதைக்கு ஒரு லொறிக் கல் கொட்ட அந்தச் சபைக்கு வழியில்லை. அந்த "லயம்" என்ற சொல்லும் வரிசை என்று அர்த்தப்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததுதான். மனிதர் வாழும் வீட்டுக்கு வீடு என்று பேர் வைக்கவில்லை, வரிசை என்று வைத்தார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பத்தை அடைப்பதற்கு அந்தச் சொல் மிகவும் வசதியாக இருந்தது.

"கூலி"யின் கதை எல்லாவற்றிலும் கொடியது. தமிழில் கூலி என்றால் உழைப்புக்குரிய பலன். வள்ளுவர் முயற்சியின் பெருமையைச் சொல்லும் இடத்தில் அந்தச் சொல்லை மதிப்போடு ஆண்டிருக்கிறார். அந்தச் சொல்லை வெள்ளைக்காரத் துரைமார் உழைப்பவனின் பேராக்கினார்கள். நமக்குத் தர வேண்டியதன் பேரை நமக்கே வைத்துவிட்டு, தர வேண்டியதைத் தராமல் விட்டார்கள்.

இதையெல்லாம் சொல்லும்போது ஒன்றை மறக்கக் கூடாது. சொற்கள் தானாகச் சாவதில்லை, அவற்றைப் போராட்டம்தான் சாகடிக்கிறது. ஒரு காலத்தில் "துண்டு" என்ற சொல்லைக் கேட்டாலே நம் முன்னோர் நடுங்கினார்கள். தொழிலாளியின் கடனை எழுதிய அந்தக் காகிதத் துண்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. கடனைக் கட்டுகிற துரைக்கு ஆள் கைமாறினான். 1921இல் துண்டு சட்டத்தால் தடை செய்யப்பட்டது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லின் பயம் தெரியாது. 1984 வரை ஆண் சம்பளம், பெண் சம்பளம் என்று இரண்டு சம்பளம் இருந்தது. அந்த ஆண்டு நடந்த வேலைநிறுத்தத்தின் பின் இரண்டும் ஒன்றாயிற்று. இன்று செக்ரோலில் "பெண் சம்பளம்" என்று எழுத எந்தத் தோட்டத்துக்கும் துணிச்சல் வராது. 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கு முதல் சங்கம் கட்டிய கோ. நடேசய்யர் ஒரு பத்திரிகையாளர். அவரது துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளர் மத்தியில் பாட்டுப் பாடிப் பிரசாரம் செய்தவர். சங்கத்துக்கு முதலில் தேவை நம்முடைய சொல் என்பதை அவர்கள் இருவரும் அறிந்திருந்தார்கள்.

ஆனால் புதுச் சொல் எல்லாமே நமது சொல் அல்ல, தோழர்களே. இப்போது கம்பெனிகள் கொண்டுவரும் "வெளிவாரி முறை"யைப் பாருங்கள். ஆளுக்கு இவ்வளவு செடி என்று பிரித்துக் கொடுப்பார்களாம். நாம் பராமரித்து, கொழுந்து எடுத்து, கிலோவுக்கு விலை வாங்க வேண்டுமாம். இனி நாம் தொழிலாளி அல்ல, "பங்காளி", "தொழில்முயற்சியாளர்" என்கிறார்கள். காதுக்கு இனிக்கிறது. கூலி என்ற இழிசொல்லைக் கேட்டுக் கேட்டு நொந்தவர்களுக்கு இன்னும் இனிக்கிறது. அதனால்தான் சொல்கிறோம், இந்த இனிப்பு ஆபத்தானது. பங்காளி என்றால் நிலத்தில் பங்கு எங்கே? உறுதி எங்கே? விலையை யார் தீர்மானிப்பது? தொழிலாளி என்ற சொல்லைக் கையை விட்டால் அதோடு சேர்ந்து நாட்சம்பளம், சேமலாப நிதி, பணிக்கொடை, பிரசவச் சகாயம் எல்லாம் கையை விட்டுப் போகும். நிலத்துக்கு உறுதி தந்தால் பங்காளி என்று அழைக்கட்டும். தராத வரைக்கும் நாம் தொழிலாளர், அந்தப் பேரில் நமக்கு எந்த வெட்கமும் இல்லை.

மேடைகளில் கேட்கும் இன்னும் இரண்டு சொற்களையும் விட முடியாது. "பாவப்பட்ட சனம்" என்பது ஒன்று. "நான் வாங்கிக் கொடுத்தேன்" என்பது மற்றது. பாவப்பட்ட சனத்துக்குக் கிடைப்பது நிவாரணம். உழைத்த சனத்துக்குச் சேர வேண்டியது உரிமை. வேலைநிறுத்தத்தில் பட்டினி கிடந்தது தொழிலாளி. வாங்கிக் கொடுத்தவர் தலைவர் என்றால், அந்தப் பட்டினிக்கு என்ன பேர்?

ஆகவே எல்லாத் தோட்டக் கமிட்டிகளுக்கும், மாதர் சங்கத் தலைவிமாருக்கும் நமது வேண்டுகோள் இது.

ஒன்று. "அரைப்பேர்" என்ற சொல்லை நாம் இனிப் பாவிப்பதில்லை. "பாதிச் சம்பளம் வெட்டப்பட்டது" என்றே சொல்வோம். வெட்டியது யார், எந்தக் காரணத்துக்கு என்று ஒவ்வொரு நாளும் கேட்டு, திகதியோடு எழுதி வைப்போம்.

இரண்டு. மடுவத்தில் தண்ணிக்கும் சாக்குக்கும் "கழிவு" என்று எடுக்கும் கிலோவை எழுத்தில் கேட்போம். எடுத்த கொழுந்துக்குக் கணக்கு உண்டு.

மூன்று. சம்பளச் சீட்டு நமக்கு விளங்கும் தமிழில் வர வேண்டும். அடிப்படைச் சம்பளம் எது, கொடுப்பனவு எது, சேமலாப நிதி எதற்குக் கட்டப்பட்டது என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும்.

நான்கு. பேச்சுவார்த்தையில் எந்தத் தொகையைச் சொன்னாலும் "அதில் சம்பளம் எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியை முதலில் கேட்போம்.

ஐந்து. வெளிவாரி முறைக்குக் கையெழுத்துக் கேட்டு வந்தால் சங்கத்துக்குக் காட்டாமல் ஒருவரும் கையெழுத்து வைக்க வேண்டாம்.

முழு நாள் உழைப்புக்கு முழுச் சம்பளம்! முழு மனிதருக்கு முழுப்பேர்!